கேட்கப்படாத கேள்வி: புராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய விறைப்புக் குறைபாட்டு மருத்துவத்தின் வரலாறு, 1904–2025

மைசூரு மண்டி மொஹல்லாவிலிருந்து கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். 1924-ல் பெங்களூரில் தொடங்கி 1930-ல் மைசூருக்கு வந்த மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை அது. 1908-ல் பிறந்த அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கிறது. யுனானி ஹக்கீமிடம் போகும் பழக்கமும் அந்தப் பகுதிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மருத்துவத்துக்குப் பஞ்சமில்லாத இடம். ஆனால், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் அறுபது வயதுக்காரர் ஒருவர், “இனி விறைப்பு வருமா?” என்ற கேள்வியை யாரிடம் கேட்பது? பக்கத்தில் மகன் நிற்கிறான், வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். மருத்துவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இந்தச் சிகிச்சையின் நூற்றிருபது ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நோயாளி வாய் திறந்து சொன்னபோதும், மருத்துவர் காது கொடுத்தபோதும்தான் இத்துறை நகர்ந்திருக்கிறது. மற்ற நேரங்களில், கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. இக்கட்டுரை அந்த நகர்வுகளைக் காலவரிசையில் பின்தொடர்கிறது.

தொடக்கம் 1904. பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி வழியாகப் புற்றுப் பிடித்த புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றினார். 1945-ல் டெரன்ஸ் மில்லின் அடிவயிற்றின் வழியாகச் சுரப்பியை அணுகும் பாதையைத் திறந்தார். இரண்டு வழியிலும் உயிர் பிழைத்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் விறைப்பை இழந்தார்கள். புற்றுநோயிலிருந்து தப்பியதற்குக் கொடுக்க வேண்டிய விலை அது என்று மருத்துவர்களும் நோயாளிகளும் ஒருசேர ஏற்றுக்கொண்டார்கள். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஓடுகின்றன, சுரப்பியை எடுத்தால் அவையும் போய்த்தான் ஆக வேண்டும் என்ற எண்ணமே நிலவியது. யாரும் அவற்றைத் தேடிப் பார்க்கவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் பின்னால் தள்ளப்பட்டது. இங்கே நோயாளிகள் பெரும்பாலும் எலும்புக்குப் புற்று பரவிய பிறகே வந்தார்கள். அவர்களுக்கு 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டிய வழிதான் இருந்தது: விரைகளை அகற்றுவது, அல்லது ஆண் ஹார்மோனை அடக்குவது. அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலி குறைந்தது, ஆயுள் நீண்டது, ஆசையும் கூடவே அடங்கியது. ஆசையே இல்லாதவரிடம் விறைப்பைப் பற்றி எந்த மருத்துவர் பேசுவார்? எங்கள் மருத்துவமனைகளில் இந்தப் பேச்சே எழாமல் போனதற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல, நோய் கண்டறியப்பட்ட தாமதமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

திருப்பம் 1977-ல் நேர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பேட்ரிக் வால்ஷ் அந்த ஆண்டுகளில் இந்த ஆபரேஷனின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் வேலையில் இருந்தார். சுரப்பிக்கு மேலே படர்ந்து கிடக்கும் பெரிய நாளத்தொகுதியை முதலில் கட்டிவிட்டால், அறுவைக் களம் ரத்தக் குளமாகாது, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். இந்த முறையில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து, தனக்குப் பழையபடி விறைப்பு வருகிறது என்றார். எழுபது ஆண்டுக்கும் மேலான நம்பிக்கையை அந்த ஒரு வாக்குமூலம் ஆட்டிவிட்டது. நரம்பு சுரப்பிக்குள் ஓடுவது உண்மையானால் இவருக்கு விறைப்பு வந்திருக்கவே கூடாது. அப்படியானால் நரம்பு வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று நான்கு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1981 பிப்ரவரியில் வால்ஷ் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயிருந்தார். அங்கே ஓய்வுபெற்ற சிறுநீரியல் பேராசிரியர் பீட்டர் டோன்கர், இறந்து பிறந்த ஆண் குழந்தை ஒன்றின் உடலில் சிறுநீர்ப்பையின் நரம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடல் எவருடையது என்பது இங்கே முக்கியம். பெரியவர்களின் பதப்படுத்திய சடலத்தில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் இடுப்புக் குழிக்குள் ஒன்றாக அமுங்கித் தடித்துவிடும், மயிரிழை நரம்பைத் தனியே பிரிக்க முடியாது. சிசுவின் உடலில் கொழுப்பு குறைவு, நரம்புகள் உடலளவோடு ஒப்பிட்டால் பெரியவை, ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து தெரியும். ஆண்குறிக்குப் போகும் நரம்புகளைப் பார்த்திருக்கிறீர்களா என்று வால்ஷ் கேட்டார். தேடியதில்லை என்றார் டோன்கர். இருவரும் தேடத் தொடங்கினார்கள். சில மணி நேரத்தில் அது கிடைத்தது: சுரப்பியின் உறைக்கு வெளியே, இரு பக்கமும் பின்புறமாக ஓடும் மெல்லிய கற்றை. அது ரத்தக்குழாய்களோடு சேர்ந்தே ஓடியது. ஆகவே ஆபரேஷன் மேசையில் நரம்பே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த ரத்தக்குழாய்களை அடையாளமாகக் கொள்ளலாம்.

1982 ஏப்ரல் 26 அன்று, தெரிந்தே அந்தக் கற்றையைக் காத்து முதல் ஆபரேஷனை வால்ஷ் செய்தார். நோயாளி 52 வயதுப் பேராசிரியர். அவருக்கு விறைப்பு திரும்பியது. அதே ஆண்டில் வால்ஷும் டோன்கரும் தங்கள் கண்டுபிடிப்பைச் சிறுநீரியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

நரம்பு காக்கப்பட்டாலும் எல்லோருக்கும் விறைப்பு உடனே திரும்புவதில்லை. கத்தி படாவிட்டாலும் இழுபட்டு, சூடுபட்டு, நசுங்கிய நரம்பு பல மாதங்கள் உறங்கிக் கிடக்கும். மீட்சிக்குப் பொதுவாகப் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். அந்த இடைக்காலத்துக்கான கருவிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஒன்றுகூடப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வரவில்லை.

வெற்றிடப் பம்பைப் பரவலாக்கிய கெடிங்ஸ் ஆஸ்பான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் நடத்தியவர். 1960-களில் தன் சொந்தக் குறைக்குத் தானே செய்துகொண்ட கருவி அது. உருளைக்குள் காற்றை உறிஞ்சினால் ரத்தம் உள்ளே வரும், அடியில் ஒரு வளையம் மாட்டினால் நிற்கும். அரை மணிக்கு மேல் வளையத்தை வைத்திருக்கக் கூடாது. 1973-ல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர், திரவம் நிரப்பி விறைக்க வைக்கும் உள்வைப்பை அறிமுகப்படுத்தினார்கள். 1982-ல் பாரிஸில் ரோனால்ட் விராக், பப்பாவரின் என்ற மருந்தை ஆண்குறிக்குள் நேராக ஊசியாகச் செலுத்தினால் விறைப்பு உண்டாவதைத் தெரிவித்தார். மறு ஆண்டு லாஸ் வேகாஸில் கூடிய அமெரிக்கச் சிறுநீரியல் மாநாட்டில், பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி தன் உடலிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்து, விளைவை அரங்கத்தின் முன்னே காட்டினார். அதைக் கேளிக்கைக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரும் துணிச்சலாகவே படுகிறது. விறைப்பு மனதிலிருந்து மட்டும் பிறப்பதல்ல, மென்தசை தளர்ந்தால் போதும் என்பதை அதைவிடத் தெளிவாக நிரூபிக்க முடியாது.

அந்த ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நோயாளிகள் அதிகம் அஞ்சுவதும் அதையே, ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதங்களில் அதிகம் பலன் தரக்கூடியதும் அதுவே. இன்சுலின் ஊசி போன்ற நுண்ணிய ஊசி, குறியின் அடிப்பகுதியில் பக்கவாட்டில், மேலே நடுவில் ஓடும் நரம்பையும் கீழே உள்ள சிறுநீர்க்குழாயையும் தவிர்த்துப் போடப்படுகிறது. இன்று வலப்பக்கம் என்றால் அடுத்த முறை இடப்பக்கம். முதல் அளவை மருத்துவர் தன் முன்னிலையில் போட்டு நிர்ணயிக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தணியாவிட்டால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், தாமதித்தால் திசு நிரந்தரமாகக் கெட்டுவிடும். நரம்பு உறங்கிக்கொண்டிருந்தாலும் இந்த ஊசி வேலை செய்யும். மாத்திரைக்கு அந்த ஆற்றல் இல்லை.

காரணம் 1990-களில் புலப்பட்டது. விறைப்பைத் தூண்டும் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன என்பதை 1992-ல் ஆர்தர் பர்னெட்டும் சகாக்களும் காட்டினார்கள். இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்காகச் சோதித்த சில்டெனாஃபில், அந்த நைட்ரிக் ஆக்சைடு கிளப்பும் செய்தியை நீடிக்க வைக்கிறது. சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் தங்களுக்கு நேர்ந்த பக்கவிளைவைச் சொன்னதால்தான் மருந்தின் திசையே மாறியது. 1998 மார்ச்சில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. ஆனால் இந்த மாத்திரை இருக்கும் செய்தியைப் பெருக்குமே தவிர, இல்லாத செய்தியைப் பிறப்பிக்காது. நரம்பு உறங்கும் முதல் ஆறு மாதத்தில் மாத்திரையைப் போட்டுப் பார்த்து, ‘எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது’ என்று கைவிடும் நோயாளிக்கு இந்த ஒரு விவரத்தை யாராவது சொல்லியிருந்தால் எத்தனை ஆண்டு மனவேதனை மிச்சமாகியிருக்கும்!

இந்தியாவில் 1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. 2005 வரை அந்த நிலை நீடித்ததால், இரண்டாயிரத்தின் தொடக்கத்திலேயே உள்நாட்டு நிறுவனங்களின் சில்டெனாஃபில் மலிவு விலையில் மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. ஊசிக்குப் பயிற்சி வேண்டும், பம்புக்குப் பணம் வேண்டும், உள்வைப்புக்கு அறுவை வேண்டும். மாத்திரைக்கு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நோயின் கட்டத்தைப் பார்க்காமல் விலையைப் பார்த்துச் சிகிச்சை முடிவாகும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

ஆபரேஷன் முடிந்த சூட்டோடு ரத்த ஓட்டத்தைத் தூண்டினால் திசு இறுகிப்போகாமல் காக்கலாம் என்ற ‘மறுவாழ்வுச் சிகிச்சை’க் கருத்து 1997-ல் மிலானிலிருந்து வந்தது. அங்கே மருத்துவர் மோன்டோர்சியின் குழுவினர் வாரம் மூன்று முறை, ஆல்ப்ராஸ்டாடில் என்ற மருந்தை ஆண்குறிக்குள் ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்டவர்களில் சிகிச்சையை முடித்த 12 பேரில் 8 பேருக்கும், போடாத 15 பேரில் 3 பேருக்கும் தானாக விறைப்பு திரும்பியது. வெறும் 27 பேர். இந்தச் சிறிய அடித்தளத்தின் மீது உலகெங்கும் ஒரு வழக்கமே கட்டப்பட்டது. 2008-ல் 628 பேரிடமும் 2014-ல் 423 பேரிடமும் நடந்த பெரிய ஆய்வுகள் தினசரி மாத்திரையைச் சோதித்தன. மாத்திரையை நிறுத்தியதும் பலன் நிலைக்கவில்லை. குறி சுருங்குவது ஓரளவு தடுக்கப்பட்டது என்பது மட்டும் பின்னதில் தென்பட்டது. ஆகவே ‘இதைச் சாப்பிட்டால் நரம்பு குணமாகும்’ என்று உறுதி தருவது சரியல்ல. அதற்காக இடைக்காலத்தில் எதுவும் செய்யாதிருப்பதும் சரியல்ல. அந்த மாதங்களில் ஊசியும் பம்பும் தம்பதியரின் நெருக்கத்தை உயிரோடு வைத்திருக்கும்.

உண்மை நிலவரத்தை வெளிக்கொண்டுவந்தது ஒரு கேள்வித்தாள். 1997-ல் ரேமண்ட் ரோசனும் சகாக்களும் 15 கேள்விகள் கொண்ட விறைப்பு அளவீட்டை உருவாக்கினார்கள். அதன் 5 கேள்விச் சுருக்கமும் விரைவில் வந்தது. அதுவரை சிறந்த அறுவை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றித் தாங்களே பெருமிதமான கணக்குகளை வெளியிட்டுவந்தார்கள். நோயாளியே கட்டத்தை நிரப்பியபோது கணக்கு மாறியது. பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு 1,643 பேரை மூன்றாகப் பிரித்தது. தொடக்கத்தில் உறவுக்குப் போதுமான விறைப்பு இருப்பதாகச் சொன்னவர்கள் 67 சதவீதம். ஆறு மாதம் கழித்து, அறுவை செய்தவர்களில் 12 சதவீதம், கதிர்வீச்சுப் பெற்றவர்களில் 22, கண்காணிப்பில் இருந்தவர்களில் 52. ஆறு ஆண்டு முடிவில் அறுவைக் குழு 17 சதவீதத்துக்கு ஏறியது, கண்காணிப்புக் குழு 30-க்கு இறங்கியது. வயதும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதை இந்தக் கடைசி எண் நேர்மையாகச் சொல்கிறது.

ரோபோ இதை மாற்றியதா? திருச்சூரில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயிற்சி பெற்ற மணி மேனன், 2000-க்குப் பின் டெட்ராய்ட்டில் ரோபோ அறுவையை உலகத்தரத்துக்கு வளர்த்தவர். ரத்தப்போக்கு குறைந்தது, வீடு திரும்பும் நாள் முந்தியது. ஆனால் பிரிஸ்பேனில் 326 பேரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், விறைப்பைப் பொறுத்தவரை ரோபோவுக்கும் திறந்த அறுவைக்கும் இரண்டு ஆண்டு வரை வேறுபாடு தெரியவில்லை. கருவியைவிடக் கை முக்கியம். லட்சங்கள் கடன் வாங்கி ரோபோவைத் தேடும் குடும்பங்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. ஆபரேஷன் நடக்கும்போதே சுரப்பியின் விளிம்பை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்து, புற்று எட்டாத பக்கத்தின் நரம்பைக் காப்பது. இந்த முறையில் அறுவை செய்துகொண்டவர்களின் விறைப்பு ஓராண்டில் மேம்பட்டிருந்தது.

மண்டி மொஹல்லாவுக்கு இவற்றில் எவ்வளவு வந்து சேர்ந்தது? மருத்துவரின் மௌனம் விட்ட இடத்தை எப்போதும் விளம்பரம் நிரப்பியிருக்கிறது. 1954-ன் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தடைசெய்தது. டெல்லியின் ஹம்தர்த் தவாகானா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தின் சில பிரிவுகளை நீதிமன்றம் செல்லாததாக்கினாலும், இத்தகைய விளம்பரம் கருத்துரிமையின் பாதுகாப்பில் வராது என்று கூறிவிட்டது. அதன் பிறகும் சுவரொட்டி குறையவில்லை. ‘மூலிகை’ என்று விற்கப்படும் பொட்டலங்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் ஆய்வகத்தில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடும் முதியவர் அறியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ஹக்கீமையோ வைத்தியரையோ நான் குறை சொல்லவில்லை. அறுவையில் அடிபட்ட நரம்பு என்பது அவர்களின் நூல்கள் எழுதப்பட்டபோது இல்லாத நோய்.

மற்ற எல்லாம் பலிக்காதவருக்கு இந்தியாவிலேயே ஒரு வழி உண்டு. மும்பையின் ஆண்பால் மருத்துவ நிபுணர் ரூபின் ஷா வடிவமைத்த சிலிக்கோன் உள்வைப்பு, இறக்குமதி உள்வைப்புகளைவிடப் பெரிதும் மலிவானது. மேலுறைகளைக் கழற்றி அறுவையின்போதே பருமனைச் சரிசெய்துகொள்ளலாம், கீல் இருப்பதால் மடக்கி வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம்.

விறைப்பு போனாலும் தொடு உணர்வும் உச்சமும் வேறு நரம்பில் ஓடுவதால் பெரும்பாலும் தங்கும், விந்து மட்டும் வராது. குழந்தை வேண்டுவோர் அறுவைக்கு முன்பே விந்தைச் சேமித்துவைக்க வேண்டும். இவற்றை ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும் நாளிலேயே, மனைவியும் உடனிருக்க, வெளியாள் இல்லாத அறையில் சொல்லலாம். தக்னி உருது, கன்னடம், தமிழ் மூன்றிலும் விறைப்பு அளவீட்டின் அந்த ஐந்து கேள்விகளை அச்சிட்டு வைக்க ஒரு மருத்துவமனைக்குப் பெரிய செலவு கிடையாது. முதல் தாள் ஆபரேஷனுக்கு முன்பே நிரப்பப்பட வேண்டும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே தளர்ந்திருந்ததா, கத்தியால் போனதா என்பதைப் பின்னால் பிரித்தறிய அது ஒன்றுதான் வழி.