குப்பைத்தொட்டி எண்ணிய செல்போன்கள்

2012 ஒலிம்பிக் போட்டிக்கு முன்பாக, லண்டனின் வங்கிகள் நிறைந்த 'சிட்டி' பகுதியில் புதுவிதக் குப்பைத்தொட்டிகள் வந்து நின்றன. ரினியூ என்ற நிறுவனம் வைத்தவை. பக்கவாட்டில் விளம்பரமும் செய்தியும் ஓடும் திரை, படித்து முடித்த பேப்பரைப் போட ஒரு வாய். அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் ஜனங்கள் கடந்து போனார்கள்.

2013 மே, ஜூனில் அவற்றில் 12 தொட்டிகளுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கப்பட்டது. பக்கத்தில் நடந்து போகிறவர்களின் செல்போன்களைக் கணக்கெடுக்கும் வேலை!

எப்படி? வைஃபை 'ஆன்' செய்த போன் சும்மா இருக்காது. தெரிந்த இணைப்பு அருகில் இருக்கிறதா என்று குரல் கொடுத்துக்கொண்டே போகும். கூடவே தன் மேக் முகவரியையும் சொல்லிவிடும். இது தயாரிப்பிலேயே பதிக்கப்படும் 48 பிட் எண். அதில் ஆளின் பெயர் இல்லை, போன் நம்பரும் இல்லை. ஆனால் அன்றைய போன்களில் அது மாறவே மாறாது. காலையில் ஒரு தொட்டி, மாலையில் வேறொரு தொட்டி, இரண்டிலும் அதே எண் என்றால் அதே ஆள்தான். தினமும் எத்தனை மணிக்கு வருகிறார், எந்தப் பக்கம் போகிறார் எல்லாம் தெரிந்துவிடும். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. தொட்டியைத் தாண்டும் சில நொடிகளில் கேட்பதுதான் எப்படி?

நிறுவனமே சொன்ன கணக்கு இது: 40 லட்சத்துக்கு மேல் பதிவுகள், அதில் தனித்தனி போன்கள் 5,30,000க்கு மேல். ஆகஸ்டில் செய்தி வெளியானதும் சிட்டி நிர்வாகம் உடனே நிறுத்தச் சொன்னது.

தொட்டி நின்றது, சரி. போன் கத்துவது நிற்கவில்லையே! அதற்கு மருந்து சட்டத்தைவிட போன் செய்தவர்களிடமிருந்துதான் முதலில் வந்தது. 2014இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 8, இணைப்பு தேடும்போது பொய் முகவரி சொல்ல ஆரம்பித்தது. நல்ல யோசனைதான், ஆனால் அரைகுறை. 2017இல் அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆய்வாளர்கள் சோதித்தபோது, பல ஆண்ட்ராய்டு போன்கள் இன்னும் உண்மை முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தன. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகுதான் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி முகவரி என்பது வழக்கமானது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேக் முகவரியைப் பதிந்துகொண்டு இணைப்பு தரும் ஹாஸ்டல்களிலும் அலுவலகங்களிலும், இந்தப் பாதுகாப்பை முதலில் 'ஆஃப்' செய்யச் சொல்கிறார்கள்...