மில்லேயின் மூஞ்சூறு

மேற்கு பிரான்சின் மேன்-எ-லுவார் மாவட்டத்து விலங்குகளைப் பற்றி 1828-இல் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் மில்லே என்ற இயற்கையியலாளர். அதில் ஒரு மூஞ்சூறுக்கு அவர் சோரெக்ஸ் கொரொனாடஸ் என்று பெயரிட்டிருந்தார். பின்வந்தவர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1758-இலேயே லின்னேயஸ் சோரெக்ஸ் அரானியஸ் என்று பெயர் சூட்டிவிட்ட சாதாரண மூஞ்சூறின் இன்னொரு தோற்றம்தான் இது என்று எண்ணினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கரும்பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, ஓயாமல் துழாவும் மூக்கு, செந்நிற நுனி கொண்ட பற்கள் என எல்லாமே ஒன்றுபோல் இருந்தன. (நம் வீட்டுச் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு இவற்றுக்குத் தூரத்து உறவு, அதன் பற்கள் வெண்மையானவை. நாம் எலியென்று எண்ணினாலும் இவற்றில் எதுவும் எலி அல்ல.)

மில்லே வைத்த பெயர் உரிய இடத்திற்கு வர நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குக் காரணம் அவருடைய காலத்தில் எவரும் கண்டிராத ஒன்று.

1949-இல் சுவிட்சர்லாந்தில் போவே என்பவர் இம்மூஞ்சூறின் குரோமோசோம்களை எண்ணினார். பெண்ணைவிட ஆணுக்கு ஒன்று கூடுதலாக இருந்தது. பழைய காலத்தில் எப்போதோ எக்ஸ் குரோமோசோமுடன் ஓர் உடற்குரோமோசோம் ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. ஆணிடம் எக்ஸ் ஒன்று, ஒய் இரண்டு. அடுத்த வியப்பு இங்கிலாந்தில் காத்திருந்தது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள்தாம் என்பதை 1956-இல் உறுதிசெய்த சார்லஸ் ஃபோர்டும் ஜான் ஹாமர்ட்டனும், ஷார்மனோடு சேர்ந்து 1957-இல் வெளியிட்ட கட்டுரை அது. ஒரே இனத்து மூஞ்சூறுகளுக்குள்ளேயே எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறியது.

மாறினாலும் ஏதும் தொலைந்துவிடவில்லை. ஒற்றைக் கரமுள்ள இரண்டு குரோமோசோம்கள் அடியில் இணைந்து இரட்டைக் கரமுள்ள ஒன்றாகின்றன. வெட்டுக்கிளிகளில் இதை 1916-இல் விளக்கிய ராபர்ட்சனின் பெயராலேயே இந்த இணைவு அழைக்கப்படுகிறது. எனவே குரோமோசோம்களை எண்ணினால் கணக்கு தடுமாறும்; கரங்களை எண்ணினால் பெண் மூஞ்சூறுக்கு எப்போதும் 40.

ஆந்த்ரே மேலான் என்ற சுவிஸ் ஆய்வாளர் 1960-களில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மூஞ்சூறுகளைத் திரட்டினார். சில மணி நேரம் இரையின்றி இருந்தாலே இறந்துபோகும் உயிர் இது. அக்காலத்தில் குரோமோசோம் பார்க்கவோ உயிருள்ள திசு வேண்டும். பொறி வைத்தவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய வேலை. அவர் கண்டவை அ, ஆ என்று சொல்லத்தக்க இரண்டு வகைகள். இரண்டும் அருகருகே வாழும் இடங்களிலும் அவற்றின் கலப்புக் குட்டிகள் அகப்படவில்லை. 1978-இல் மேலானும் ஜாக் ஹோசரும் முதல் வகைக்கு மில்லேயின் பழைய பெயரையே வழங்கினார்கள்.

எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி தாடையெலும்பு. அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடக்கும் பழைய தோல்களிலும் மண்டையோடுகளிலும் குரோமோசோமைத் தேட வழியில்லை. ஆந்தை உமிழும் உருண்டைகளில் மிஞ்சுவதும் எலும்புதான். குரோமோசோமால் அடையாளம் உறுதிப்பட்ட மூஞ்சூறுகளின் தாடைகளை ஹோசரும் ஜாமோவும் 1974-இல் அளந்து பார்த்தார்கள். வேறுபாடு இருந்தது! தனித்தனியே எந்த அளவும் காட்டிக்கொடுக்காது. பல அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு குழுக்கள் பிரிந்து நின்றன. அந்த வேறுபாடு முன்பும் அங்கேதான் இருந்தது. எந்தத் தாடை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இத்துடன் குரோமோசோமே இறுதித் தீர்ப்பு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1970-களில் வந்த பட்டைச் சாயமிடும் முறையால் எந்தக் கரம் எதனுடன் இணைந்தது என்பதைக் காண முடிந்தது. கரங்களுக்கு நீளவரிசையில் ரோமன் எழுத்துகளை இட்டார்கள். எஞ்சியிருந்த அரானியஸ் என்ற ஒரே இனத்துக்குள், ஸ்காண்டிநேவியா, பிரிட்டன் முதல் சைபீரியா வரை, எழுபதுக்கும் மேற்பட்ட குரோமோசோம் குலங்கள் வெளிப்பட்டன. மாஸ்கோ, நோவோசிபிர்ஸ்க் என்று ஊர்ப் பெயர்களே குலப் பெயர்கள். சில குலங்கள் கலந்தால், குட்டியின் இனச்செல் பிரிவின்போது குரோமோசோம்கள் இரண்டிரண்டாகச் சேராமல் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. மலடாகத்தான் போகும் என்று ஏட்டறிவு சொல்லும். ஆனால் பல இடங்களில் அவை கலந்து பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே அவற்றை ஓர் இனமாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆல்ப்ஸ் மலையில் மட்டும் வழக்கு வேறாயிற்று. வாலே குலத்து மூஞ்சூறுகள் பிற குலங்களைச் சந்திக்கும் ஹாஸ்லிட்டால் பள்ளத்தாக்கில் கலப்பு மிக அரிது. 2002-இல் அக்குலத்தைத் தனி இனமாக உயர்த்தினார்கள். அதற்குக் கிடைத்த பெயர் சோரெக்ஸ் ஆன்டினோரி. நெப்போலியனின் தம்பி மகனும் விலங்கியலாளருமான சார்ல் லூசியன் போனபார்ட் 1840-இல் வைத்தது, மில்லேயின் பெயரைப் போலவே தூசு படிந்து கிடந்தது. ஆனால் மோன் பிளாங்க் அடிவாரத்து லெசூஷ் என்ற இடத்தில் இதே குலம் வேறொரு குலத்தோடு இன்னமும் சற்றுத் தாராளமாகவே கலக்கிறது. பெண்வழியே மரபணுக்கள் எல்லை கடக்கின்றன. ஆண்வழியே ஏறக்குறைய நின்றுவிட்டன.