தண்ணீரில் இறங்கிய வெள்ளைப் பாதங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா என்னை மறித்தார். "சேர், புள்ளைக்கு லீவே குடுக்காதீங்க. கஷ்டப்படாம யாரும் மேல வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கொரியப் பெண்ணின் வரலாறு ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாப்பா சொன்னது சரி என்பதற்கு அதில் சாட்சி இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்ட பாதிக்கும் அதிலேயே சாட்சி இருக்கிறது.

அவருடைய பெயர் பாக் செ-ரி. கோல்ப் வீராங்கனை.

நம்மில் பலருக்கு கோல்ப் என்றால் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்த புல்வெளிதான். ஆட்டம் இதுதான்: மட்டையால் பந்தை அடித்து தூரத்தில் உள்ள சிறு குழிக்குள் விழுத்த வேண்டும். மொத்தம் 18 குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. பெரிய போட்டிகள் நான்கு நாட்கள் நடக்கும், அதாவது 72 குழிகள்.

செ-ரி 1977ஆம் ஆண்டு தென்கொரியாவின் தேஜோன் நகரில் பிறந்தவர். முதலில் மெய்வல்லுநர் போட்டிகளில்தான் இருந்தார். பதின்ம வயதில் தந்தை அவரை முழுமையாக கோல்ப் பக்கம் திருப்பினார். பயிற்சி என்றால் சாதாரண பயிற்சி இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் மேலே ஓட வேண்டும், பின்பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். காலையிலும் பந்து, இரவிலும் பந்து. 1996இல் தொழில்முறை வீராங்கனையானார். 1998இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்தார்.

அந்த ஆண்டு கொரியா எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1997 டிசம்பரில் அந்த நாட்டின் டொலர் கையிருப்பு வற்றிப்போய், ஐ.எம்.எப். தலைமையில் சுமார் 5,800 கோடி டொலர் கடனுதவிக்குக் கையெழுத்து வைத்தார்கள். கம்பனிகள் மூடப்பட்டன. குடும்பத் தலைவர்கள் வேலை இழந்தார்கள். 1998 ஜனவரியில் நாட்டின் கடனை அடைக்க மக்கள் தங்கள் நகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரம் எல்லாம் அதில் போயின. சுமார் 35 இலட்சம் பேர் கொடுத்த தங்கம் 220 தொன்னுக்கும் அதிகம். 2022ஐக் கண்ட நமக்கு அந்த மக்களின் மனநிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆண்டு மே மாதம் செ-ரி தன் முதல் பெரிய பட்டத்தை வென்றார். அமெரிக்கச் சுற்றில் ஒரு போட்டியை வென்ற முதல் கொரியப் பெண் அவரில்லை. கு ஓக்-ஹீ என்பவர் 1988இலேயே வென்றிருந்தார். ஆனால் 'மேஜர்' எனப்படும் பெரும் போட்டியொன்றை வென்ற முதல் கொரியப் பெண் செ-ரிதான்.

ஜூலை மாதம் அமெரிக்க பெண்கள் பகிரங்கப் போட்டி. இடம் விஸ்கொன்சின் மாநிலத்தின் பிளாக்வூல்ப் ரன் மைதானம். நான்கு நாட்கள் முடிந்தபோது இருபது வயதான செ-ரியும், தாய்லாந்துப் பின்னணி கொண்ட அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவி ஜெனி சுவாசிரிபோர்னும் சமநிலையில் நின்றார்கள். திங்கட்கிழமை இருவருக்கும் மட்டும் மீண்டும் 18 குழிகள்.

கடைசிக் குழி வரும்போதும் சமநிலைதான். அங்கே செ-ரி அடித்த பந்து இடப்பக்கம் விலகிப்போய், குளத்தின் கரைச் சரிவில், தண்ணீருக்குச் சற்று மேலே புல்லுக்குள் சிக்கிக்கொண்டது. ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுக்கொண்டு பந்தை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். பத்திரமான வழி அதுதான். செ-ரி கொஞ்ச நேரம் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், தண்ணீருக்குள் இறங்கினார்.

கொரியாவில் அப்போது விடியற்காலை. தூக்கம் விழித்து தொலைக்காட்சி பார்த்த மக்கள் பந்தை விட அந்தப் பாதங்களைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கால்கள் வெயிலில் கறுத்துக் கிடந்தன. கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. எத்தனை ஆயிரம் மணித்தியாலம் வெயிலில் நின்றிருந்தால் ஒரு பிள்ளையின் காலில் அப்படி ஒரு கோடு விழும்!

தண்ணீரில் நின்றபடியே பந்தை வெளியே அடித்தார். அந்தக் குழியில் எதிராளியாலும் முந்த முடியவில்லை. மீண்டும் சமநிலை. இனி எந்தக் குழியில் ஒருவர் முந்துகிறாரோ அங்கே போட்டி முடியும். இரண்டாவது மேலதிகக் குழியில் செ-ரி முந்தினார். மொத்தம் 92 குழிகள்! முடிந்ததும் தந்தையைக் கட்டிப்பிடித்து அழுதார்.

குளத்தில் இறங்கிய அந்தக் காட்சியைக் கொரிய அரசாங்கம் தன் விளம்பரத்தில் சேர்த்தது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. நாடும் தண்ணீரில் இறங்கித்தான் வெளியே வர வேண்டும் என்று சனங்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஐ.எம்.எப். கடனை கொரியா 2001இல், தவணைக்கு முன்பே அடைத்து முடித்தது. ஒரு கோல்ப் பந்தால் கடன் அடைபடாது, உண்மைதான். ஆனால் மனம் உடைந்த ஒரு சமூகத்துக்கு நிமிர்ந்து நிற்க ஒரு காரணம் தேவைப்பட்டது.

இதுவரை உள்ளது அந்த வாப்பாவின் பாதி. இனி மற்றப் பாதி.

அதே 1998இன் இறுதியில் செ-ரி ஊர் திரும்பினார். வரவேற்பு, விழா, பேட்டி என்று ஒரு நாளும் ஓய்வில்லை. கடைசியில் உடல் தாங்காமல் வைத்தியசாலையில் படுத்துவிட்டார். அதன் பிறகும் வெற்றிகள் வந்தன. 2001இல் பிரித்தானிய பகிரங்கப் பட்டம், 2002இல் இன்னொரு பெரும் பட்டம். 2004இல் ஒரு போட்டியை வென்றதோடு உலகப் புகழ் மண்டபத்துக்குத் தேவையான புள்ளிகள் கிடைத்தன. சின்ன வயதிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த இலக்கு கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆட்டமே கைவிட்டுப் போனது. அடித்த பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 2005இல் விரலிலும் காயம் வந்து, பருவத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கோல்ப்பை எல்லாம் கற்றுக்கொண்ட தனக்கு ஓய்வெடுக்க மட்டும் தெரியாமல் போனது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

கொஞ்சம் விலகியிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். 2006இல் ஒரு பெரும் போட்டியின் மேலதிகக் குழியில், ஏறத்தாழ 200 யார் தூரத்திலிருந்து அடித்த பந்து குழிக்குச் சில அங்குலம் தள்ளி நின்றது. ஐந்தாவது பெரும் பட்டம். 2007இல் உலக கோல்ப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கொரியரானார். அமெரிக்கச் சுற்றில் மொத்தம் 25 வெற்றிகள். 2016இல் விளையாட்டிலிருந்து ஓய்வு.

2024இல் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை, தன் முத்திரை போலியாகப் பயன்படுத்தப்பட்டதாக அவருடைய தந்தை மீதே பொலிஸில் முறைப்பாடு செய்திருந்த விடயம் வெளிவந்தது. தந்தையின் கடன்களை ஆண்டுக்கணக்கில் தான் அடைத்து வந்ததாக ஊடகச் சந்திப்பில் செ-ரி கண்ணீரோடு சொன்னார். ஒரு தகப்பனை நாம் இங்கே விசாரிக்கப் போவதில்லை. அது நம் வேலையுமில்லை. ஆனால் 1998இல் அவரைக் கட்டிப்பிடித்து அழுத அந்தப் பிள்ளையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அவர் விதைத்தது மட்டும் வீண் போகவில்லை. அன்று விடியற்காலை பெற்றோரின் ஆரவாரம் கேட்டு எழுந்த ஒன்பது வயதுச் சிறுமி இன்பீ பார்க், சில நாட்களிலேயே மட்டையைப் பிடித்தார். 2008இல் அதே அமெரிக்க பகிரங்கப் பட்டத்தை 19 வயதில் வென்றார். 2012இல் அதே பிளாக்வூல்ப் ரன் மைதானத்தில் சொய் நா-யோன் வென்றபோது வாழ்த்த நின்றவர்களில் செ-ரியும் ஒருவர். 116 ஆண்டுகளுக்குப் பிறகு பெண்கள் கோல்ப் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய 2016 ரியோவில் இன்பீ தங்கம் வென்றார். கொரிய அணியின் பயிற்றுவிப்பாளர் செ-ரி. இந்தத் தலைமுறைக்குக் கொரியாவில் வைத்த பெயரே 'செ-ரியின் பிள்ளைகள்'.

அந்த வாப்பாவுக்கு இப்போது என் பதில் இருக்கிறது. கஷ்டப்படாமல் யாரும் மேலே வந்ததில்லை, உண்மை. அந்தப் பாதங்களின் வெள்ளைக் கோடு அதற்குச் சாட்சி. ஆனால் மேலே போன பிள்ளைக்கு அங்கே நின்று மூச்சு விடவும் தெரிய வேண்டும். அதையும் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். உடம்புக்கும் நம்மீது ஹக் இருக்கிறது என்று மத்ரஸாவில் படித்தவர்கள்தானே நாம்? புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளையைக் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். புத்தகம் எங்கேயும் ஓடிப்போகாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் முயற்சியிலும் ஓய்விலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.