விமானமில்லாத விமானந்தாங்கி

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் என் கண் வடக்கே மட்டக்களப்புப் பக்கம் போய்விடும். அந்தக் கடலின் அடியில்தான் ஹேர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல்.

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ், கரையோரமாகத் தெற்கே வந்து, திரும்பும் வழியில் அகப்பட்டுக்கொண்டது. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை! சில நிமிடங்களில் மூழ்கிற்று. இறந்தவர்கள் 307 பேர். நான்கு மாதங்களுக்கு முன்னர் மலாயாக் கடலில் பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய பெருங்கப்பல்களையும் விமானங்களே மூழ்கடித்திருந்தன. ஆழமான துறைமுகமும் பீரங்கிக் கப்பல்களும் போதும் என்ற பேரரசின் கணக்கு பிழைத்துவிட்டது.

ஆயினும் 1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தத்தால் பிரித்தானியர் திருகோணமலையைக் கையில் வைத்துக்கொண்டனர். 1957இல் விட்டுச் சென்றனர். பண்டாரநாயக்கவின் வெற்றி என்றே நாம் படித்தோம், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது அவர்களுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது, கிழக்கே பறக்கும் விமானங்கள் எண்ணெய் நிரப்ப ஓரிடம். அதை மாலைதீவின் கன் தீவில் அமைத்துக்கொண்டார்கள். நம்மைப் போலவே மீனும் தென்னையுமாக வாழ்ந்த அத்தீவு முஸ்லிம்கள் அயல்தீவான பேதுவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள்.

1976இல் கன்னும் வேண்டாததாயிற்று. அதற்குள் தெற்கே டியாகோ கார்சியாவின் மக்களையும் அகற்றி, அங்கே அமெரிக்கத் தளம் எழுந்திருந்தது.

நான் வாசித்த இலங்கை வரலாற்று நூல்களில், 1957 பற்றிய பக்கத்தில் கன் என்ற பெயரை இன்னும் காணவில்லை.