ஆடவர் நீங்கிய ஊர்: ‘லெயோன் மொரேன், குருவானவர்’ காட்டும் போர்க்கால வரலாறு

போர்க்கால வரலாறு பெரும்பாலும் களத்தின் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. படை நகர்ந்த வழியும் நகர் வீழ்ந்த நாளும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டோர் பெயரும் ஏட்டில் ஏறுகின்றன. ஆடவரைக் களத்துக்கு அனுப்பிவிட்டு ஊரில் எஞ்சிய பெண்டிர் உள்ளத்தில் நேர்ந்தவற்றுக்குச் சான்று அரிது. அத்தகு அரிய சான்றுகளுள் ஒன்று, ழான்-பியேர் மெல்வில் இயக்கத்தில் 1961-இல் வெளிவந்த ‘லெயோன் மொரேன், குருவானவர்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படம். இளங்குரு ஒருவர்பால் கைம்பெண் ஒருத்தி கொண்ட ஈர்ப்பே அதன் கதை. எனினும், அகம்போல் தோன்றும் அப்படைப்பு புறத்துக்கே சான்றாகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்டிரின் ஊர்

1940 ஜூன் திங்களில் பிரான்சு வீழ்ந்தது. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் சிறைப்பட்டு ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 பிப்ரவரியில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் எஞ்சிய இளைஞரையும் ஜெர்மானியத் தொழிற்சாலைகளுக்கு இழுத்தது. தப்பியோர் பலர் மலைக்காடுகளில் மறைந்தனர். பிரெஞ்சுப் பெண்டிர்க்கு அந்நாளில் வாக்குரிமையும் இல்லை. 1944-இல்தான் அது சட்டமாயிற்று. நாட்டின் முடிவுகளில் பங்கு பெறாதவர்கள் அம்முடிவுகளின் சுமையைத் தாங்கினர்.

கதை நிகழ்வது ஆல்ப்சு மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில். அப்பகுதிக்கு 1942 நவம்பரில் இத்தாலியப் படை வந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி பணிந்தபின் ஜெர்மானியர் வந்தனர். தொப்பியில் இறகு சூடிய இத்தாலியரை மெல்வில் வேடிக்கையாகவே காட்டுகிறார். ஜெர்மானியர் வந்தபின் அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது.

பார்னி, யூதக் கணவனைப் போரில் இழந்தவள், ஒரு பெண் குழந்தைக்குத் தாய், கடவுள் மறுப்பாளர். அவள் உள்ளம் முதலில் சாய்வது உடன் பணியாற்றும் சபீன் என்னும் பெண்பால். அதன் பின்னரே மொரேன்பால். இச்சாய்வுகளை ஒழுக்கப் பிறழ்வு என ஒதுக்குவோர் ஊரின் நிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆடவர் சிறையிலும் காட்டிலும் இருக்க, அச்சமின்றிக் கதவைத் தட்டிப் பேசத்தக்க இளைஞராக அவ்வூரில் எஞ்சியவர் குருவானவர் ஒருவரே. இவ்வீர்ப்பைப் போரே விளைத்தது எனல் பொருந்தும்.

திருச்சபையின் இருமுகம்

பார்னி பாவசங்கீர்த்தனக் கூண்டை நாடியது மனம் வருந்தியன்று, வம்புக்காகவே. மதத்தைப் பற்றிய மார்க்சின் பெயர்பெற்ற கூற்றை எடுத்தெறிகிறாள். மொரேன் சினவாது உரையாடுகிறார். நூல்களை இரவல் தருகிறார். வாதம் வளர்ந்து நம்பிக்கையாகக் கனிகிறது.

இங்கு வரலாற்றுப் பின்புலம் நினையத்தக்கது. பெத்தேன் தலைமையிலான விஷி அரசைத் திருச்சபைத் தலைவர்களுள் பெரும்பாலோர் தொடக்கத்தில் மதித்து ஏற்றனர். 1940 அக்டோபரில் யூதரின் உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தபோதும் அவர்கள் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. 1942 ஆகஸ்டில் துலூஸ் பேராயர் சலியேஜ், யூதரும் மாந்தரே என வலியுறுத்திய சுற்றுமடலைத் தம் மறைமாவட்டக் கோயில்களில் படிக்கச் செய்தார். அன்றைய மௌனத்துக்குப் பிரெஞ்சு ஆயர்கள் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது 1997-இல்தான். இவ்விரு முகங்களும் படத்தில் உள. விஷி அரசைப் போற்றும் பெண்ணும் பார்னியும் ஒரே குருவையே நாடுகின்றனர். யூதத் தந்தையின் பிள்ளையைக் காக்கப் பார்னி திருமுழுக்கை ஒரு கேடயமாகக் கொள்கிறாள். நம்பாத தாய்க்கு அச்சடங்கு ஒரு பாதுகாப்புச் சீட்டு மட்டுமே. அதே தாய் பின்னர் உண்மையாகவே நம்பத் தொடங்குவதுதான் கதையின் நுட்பம்.

எழுதியவரும் எடுத்தவரும்

மூலநாவலை எழுதிய பெயாட்ரிக்ஸ் பெக்கும் யூதக் கணவரைப் போரில் இழந்தவரே. அந்திரே ழீத்தின் இறுதிக்காலத்தில் அவருக்குச் செயலராக இருந்தவர். நாவல் 1952-ஆம் ஆண்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. மெல்விலோ யூதக் குடும்பத்தில் குரும்பாக் என்னும் குடிப்பெயருடன் பிறந்து, எதிர்ப்பியக்கத்தில் தாம் சூடிய மறைபெயரையே இறுதிவரை தாங்கியவர், இறைநம்பிக்கை இல்லாதவர். நம்பாதவர் எடுத்த படம் நம்பிக்கையை எள்ளவுமில்லை, ஏத்தவுமில்லை. முதலில் மூன்று மணிநேரத்துக்கும் மேல் நீண்ட படத்தை இரண்டு மணியளவுக்கு அவரே குறைத்தார். ஆக்கிரமிப்பு வாழ்வை விரித்த காட்சிகள் பல நீங்கின. அதனால் வரலாறு அழிந்துவிடவில்லை; முகங்களுக்குள் புகுந்துகொண்டது. உடன்பிறந்தான் நாடுகடத்தப்பட்டபின் பொலிவிழந்து மூத்துப்போகும் சபீனின் முகமே போதிய ஆவணம். பார்னியாக எம்மானுவேல் ரிவாவும் மொரேனாக ழான்-போல் பெல்மோந்தோவும் நடித்தனர்.

விடையிலா வினா

மொரேன் விறகு பிளக்கும் வேளையில், மணம் புரியத் தடையற்ற புராட்டஸ்தாந்து போதகராக இருந்தால் தன்னை மணப்பாரா எனப் பார்னி கேட்கிறாள். அவர் கோடரியைக் கட்டையில் ஓங்கி இறக்கிவிட்டு வெளியேறுகிறார். அவர் உறுதியைப் போற்றுவோர் பலர். அதிகாரம் உடையோர் எல்லாம் இயன்றதைப் பறித்துக்கொண்ட ஊரில் அவர் ஒருவர் பறிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கூண்டில் பார்னி தன் உள்ளம் முழுவதையும் திறந்துவைக்கிறாள். மொரேனின் உள்ளமோ இறுதிவரை நமக்குத் திறப்பதில்லை. திறந்துவைப்பது ஒருபாலின் கடமையாகவும் மூடிக்கொள்வது மறுபாலின் உரிமையாகவும் இருந்த காலத்தை இந்த ஏற்றத்தாழ்வு காட்டுகிறது.

விடுதலை வந்தபின் மொரேன் மலையூர்களில் பணியாற்றப் புறப்படுகிறார். பொருளெல்லாம் அகற்றிய வெற்றறையில் விடைபெறல் நிகழ்கிறது. பார்னி நம்பியது இறைவனையா, மொரேனையா என்பதற்குப் படம் விடை கூறவில்லை. அவளாலும் கூற இயலாது. சிறைப்பட்டோர் தொகையைப் போர்த்துறை ஏடுகள் காத்துவைத்தன. அவர்கள் இல்லாத வீட்டில் நம்பிக்கையும் ஆசையும் பிரித்தறிய முடியாதவாறு கலந்து வளர்ந்ததைக் காத்துத் தந்தவர் அவ்வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணே. அவர் எழுதியதும் வரலாறே என ஏற்பது நம் கடன்.