மாரத்தான் தடத் தேர்வு

மாரத்தான் தடத் தேர்வு என்பது, மாரத்தான் ஓட விரும்பும் ஒருவர், போட்டித் தடத்தின் ஏற்ற இறக்கம், வெப்பம், ஈரப்பதம், காற்று, கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம் ஆகியவற்றைத் தாம் பயிற்சி செய்யும் இடத்தோடு ஒப்பிட்டு, தமக்குப் பொருந்தும் போட்டியைத் தெரிவு செய்வதாகும். மாரத்தானின் தொலைவாகிய 42.195 கி.மீ. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. தொலைவு எங்கும் ஒன்றே, தடங்கள் ஒன்றல்ல. இக்கட்டுரை கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

ஏற்ற இறக்கம்

ஏற்றத்தில் இழக்கும் நேரம் இறக்கத்தில் முழுமையாகத் திரும்பக் கிடைப்பதில்லை. இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டவாறே உடலின் எடையைத் தாங்குவதால் அவை விரைவில் சேதமடைகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் இதற்குச் சிறந்த சான்றாகும். அத்தடம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறத்தாழ 140 மீட்டர் தாழ்கிறது. ஆயினும் 32ஆவது கி.மீ.க்குப் பின்னர் வரும் 'ஹார்ட்பிரேக்' குன்று, முன்னரே களைத்த கால்களைச் சோதிக்கிறது. மும்பை மாரத்தானில் பெடர் சாலை ஏற்றமும் இவ்வாறே பிற்பகுதியில் வருகிறது. எனவே மொத்த ஏற்றத்தின் அளவைப் போலவே, அது எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியமாகும்.

உலக சாதனையாக ஏற்கப்படத் தடத்தின் மொத்தத் தாழ்வு கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மிகாதிருத்தல் வேண்டும். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையிலான நேர்த்தொலைவு ஓட்டத் தொலைவில் பாதிக்கு மேற்படலாகாது. இதனால் 2011இல் பாஸ்டனில் கென்யாவின் ஜெஃப்ரி முத்தாய் ஓடிய 2:03:02 உலக சாதனையாக ஏற்கப்படவில்லை.

வெப்பமும் ஈரப்பதமும்

காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் வெப்பம் உயர்கிறது. 2007ஆம் ஆண்டின் சிகாகோ மாரத்தான் கடும் வெப்பத்தால் இடையில் நிறுத்தப்பட்டது. 2019இல் தோகா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தான் நள்ளிரவில் நடைபெற்றும், 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான், வெப்பங் கருதிச் சப்போரோ நகருக்கு மாற்றப்பட்டது.

காற்றும் உயரமும்

எதிர்க்காற்றில் இழப்பதைப் பின்காற்று ஈடுசெய்வதில்லை. உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிசனும் குறைகிறது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் நடைபெறும் லடாக் மாரத்தானுக்குச் செல்வோர் பல நாட்களுக்கு முன்னரே அங்கு தங்கி உடலைப் பழக்குதல் இன்றியமையாதது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பயிற்சி

இம்மாவட்டத்தில் சிறு பரப்பிற்குள் வெவ்வேறு நிலங்கள் அமைந்துள்ளன.

* நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளின் வயல்வெளிச் சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி ஏறத்தாழ 20 கி.மீ. ஆகும். சென்று திரும்பினால் மாரத்தான் தொலைவை நெருங்கலாம்.
* கல்குளம், விளவங்கோடு பகுதிகள் மேடு பள்ளம் நிறைந்தவை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துச் சாலைகள் ஏற்றப் பயிற்சிக்கு உகந்தவை.
* ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் தென்மேற்குப் பருவக் காலத்தில் கடுங்காற்று வீசும். முப்பந்தல் காற்றாலைகள் அமைந்ததும் இதனாலேயே.

சமவெளியில் அதிகாலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20° செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே இங்கு பயின்றவருக்கு வெப்பமும் ஈரப்பதமும் பழகியவை. குளிரும் உயரமும் புதியவை. சனவரியில் நடைபெறும், பெரிதும் சமதளமான சென்னை மாரத்தான் நாஞ்சில் நாட்டு ஓட்டக்காரரின் முதற் போட்டிக்குப் பொருத்தமானது. மும்பைக்குச் செல்பவர் வாரம் ஒரு நாளாவது மேற்குப் பகுதியின் மேட்டுச் சாலைகளில், நீண்ட ஓட்டத்தின் இறுதியில் ஏற்றம் வருமாறு ஓடிப் பழகுதல் நன்று. சனவரிப் போட்டிகளுக்கான பயிற்சியின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அமைவதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

தெரிவு செய்யும் முறை

முதலில் நோக்கத்தை உறுதி செய்தல் வேண்டும். நல்ல நேரத்தைப் பதிய விரும்புவோருக்குச் சமதளமான, குளிர்ந்த தடம் ஏற்றது. 2023இல் கெல்வின் கிப்டம் 2:00:35 நேரத்தில் அன்றைய உலக சாதனையைப் படைத்ததும் சமதளமான சிகாகோத் தடத்திலேயே. ஓட்டத்தை முடிப்பதே நோக்கமெனில், பயிற்சி இடத்தை ஒத்த நிலமும் வானிலையும் கொண்ட போட்டி பாதுகாப்பானது. பின்னர் தடத்தின் உயர வரைபடம், அம்மாதத்தின் வழக்கமான வானிலை, தொடங்கும் நேரம், நீர் வழங்கும் இடங்கள் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். வெப்பமான இடத்திற்குச் செல்லும் குளிர்நாட்டவருக்கு உடல் பழக இரண்டு வாரங்கள் வரை தேவைப்படும். போட்டி நாளில் வெப்பம் எதிர்பார்த்ததை விட மிகுந்தால், திட்டமிட்ட வேகத்தைத் தொடக்கத்திலேயே குறைத்துக்கொள்வது உயிர்காக்கும் செயலாகும்.