கலைவாணர் தேடிய பணம்

பழைய பாடல்களைக் கேட்கும்போது நம்மில் பலர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. 'அந்தக் காலத்தில் மனிதர்களிடம் இவ்வளவு பேராசை இல்லை' என்பதே அது. இந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதற்கு ஒரு பாட்டே போதும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1952-ஆம் ஆண்டு 'பணம்' என்ற படத்தில் பாடிய 'எங்கே தேடுவேன்' என்ற நையாண்டிப் பாடல்தான் அது. தமிழ்நாட்டில் பிறந்து, வானொலி வழியாகவும் ஒலிநாடா வழியாகவும் கடல் கடந்த தமிழர்களின் செவிகளுக்கும் வந்து சேர்ந்த அந்தப் பாட்டு, எழுபது ஆண்டுகள் கடந்தும் மறக்கப்படவில்லை. இனிமைக்காக மட்டும்தான் அது நினைவில் நிற்கிறதா? சற்று விரிவாகப் பார்க்கலாம்.

'பணம்' படத்தை இயக்கியவரும் கலைவாணரே. கவிஞர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல். சீனிவாசன் தயாரித்தார். வசனம் மு. கருணாநிதி. 'பராசக்தி' வெளிவந்த அதே 1952-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த இந்தப் படம், சிவாஜி கணேசனுக்கு இரண்டாவது படம். சிவாஜியும் பத்மினியும் முதன்முதலாக இணைந்ததும் இதில்தான். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் இரட்டையராக இசையமைத்த முதல் படமும் இதுவே. இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் இருப்பதுபோல் தமிழிலும் இருவர் சேர்ந்து இயங்கட்டும் என்று அவர்களை இணைத்து வைத்தவர் கலைவாணர்.

படத்தின் பெயர் 'பணம்'. கதையோ வரதட்சணைப் பேராசை. பெண் வீட்டார் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை என்பதற்காக ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்வது. இந்தியாவில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே திரைப்படம் அந்தப் பிரச்சினையைப் பேசிவிட்டது.

ஒளிந்துகொண்ட பணம்

பாட்டின் அமைப்பு மிக எளிமையானது. கையில் காசில்லாத ஒருவன் பணத்தைத் தேடிப் புறப்படுகிறான். காணாமல் போன ஆளைத் தேடுவதுபோல, பணத்தையே கூப்பிட்டு விசாரிக்கிறான். கள்ளச்சந்தையில் மாட்டிக்கொண்டதா? கஞ்சனின் கையில் சிக்கியதா? கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் சுற்றுகிறதா? புதையலாக மண்ணுக்குள் போய்விட்டதா? நகையாக மாறிக் கழுத்தில் தொங்குகிறதா? சாமியார்களின் காலடியில் கிடக்கிறதா? திருப்பதி உண்டியலில் விழுந்துவிட்டதா? தேர்தலில் கரைந்துபோனதா? இப்படி ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கிறான். இரக்கமுள்ளவர்களிடம் மட்டும் அது தங்குவதே இல்லை என்பதும் அவனுக்குத் தெரிகிறது.

கலைவாணர் இங்கே 'பணமே பாவம்' என்று உபதேசம் செய்யவில்லை என்பது கவனிக்க வேண்டிய ஒன்று. உலகம் நடக்கப் பணம் தேவை என்பதை அவர் மறுக்கவே இல்லை. ஓட வேண்டிய பணம் ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பதைத்தான் அவர் கேலி செய்கிறார். திருக்குறளிலும் இதே பார்வையைக் காணலாம். பொருள் ஈட்டுவதற்கு 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், யாருக்கும் பயன்படாத செல்வத்தைக் கண்டிக்க 'நன்றியில் செல்வம்' என்று மற்றோர் அதிகாரமும் வைத்தார். இதே படத்தில் 'தீனா மூனா கானா' என்று ஒரு பாட்டு வரும். கேட்டவுடன் எல்லோருக்கும் அன்றைய புதிய கட்சியான தி.மு.க. நினைவுக்கு வரும். ஆனால் அதன் விரிவு திருக்குறள் முன்னணிக் கழகம் என்று சொல்லித் தப்பித்துக் கொள்வார்கள். சொல்ல வேண்டியதைச் சிரிப்புக்குள் வைத்துச் சொல்வதில் கலைவாணர் அவ்வளவு கெட்டிக்காரர்.

அந்தக் காலம் எப்படி இருந்தது?

பாட்டில் வரும் முகவரிகள் எதுவும் கற்பனை அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தது, ரேஷன் வந்தது, கூடவே கள்ளச்சந்தையும் வந்தது. பதுக்கிய பணத்தை வெளியே கொண்டுவர 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அன்றைய ஆங்கிலேய அரசு அறிவித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, தேர்தலில் பணம் கரைகிறது என்று ஒரு திரைப்படப் பாட்டு கிண்டல் செய்துவிட்டது. மக்களாட்சி பிறந்த ஆண்டிலேயே இந்த நோயும் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. 'அந்தக் காலத்தில் பேராசை இல்லை' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

அந்த முகவரிகளுக்கு இன்று போய்ப் பார்த்தால் என்ன தெரிகிறது? கிண்டிக் குதிரைப் பந்தயத் திடல் இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை, 730 கோடி ரூபாய்க்கு மேல் குத்தகைப் பாக்கி இருந்த நிலையில், 2024 செப்டம்பரில் தமிழக அரசு கையகப்படுத்தியது. தேர்தல் என்ற முகவரி இன்னும் மோசம். வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக எழுந்த புகார்களால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளிலும், 2017-இல் சென்னை ஆர்.கே. நகரிலும் அறிவித்த தேர்தல் ரத்தானது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்கும் அதே கதி ஏற்பட்டது.

நகையின் கதை என்ன? இந்தியக் குடும்பங்களிடம் சுமார் 25,000 டன் தங்கம் இருக்கலாம் என்பது உலகத் தங்க மன்றத்தின் மதிப்பீடு. மகளின் திருமணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தங்கமும் அதில் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய தங்கமும் அதில் உண்டு.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று இந்தியப் பிரதமர் அறிவித்தபோது, கலைவாணரின் கேள்விக்கு அரசாங்கமே பதில் தேடப் புறப்பட்டது எனலாம். பதுக்கிய பணம் திரும்பி வராது, அழிந்துபோகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. சுமார் 15.41 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள நோட்டுகளில் 15.31 லட்சம் கோடி ரூபாய் வங்கிகளுக்கே திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-இல் தெரிவித்தது. கால்கடுக்க வரிசையில் நின்றவர்கள் சாதாரண மக்கள். திருப்பதி உண்டியலும் கதையில் வருகிறது. செல்லாத பழைய நோட்டுகள் ஏறக்குறைய 50 கோடி ரூபாய்க்குத் தேவஸ்தானத்திடம் தேங்கிப்போயின. பாட்டில் சொன்ன இடத்தில் பணம் இருந்தது. ஆனால் அது பணமாக இல்லை!

பாடியவரின் கை

பேராசையைக் கண்டித்துப் பாடுவது யாருக்கும் எளிது. பாடுபவரின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், வில்லுப்பாட்டு பாடி, நாடகத்தில் நடித்துத் திரைக்கு வந்தார். மனைவி டி.ஏ. மதுரத்துடன் சேர்ந்து நகைச்சுவையில் தனி இடம் பிடித்தார்.

புகழின் உச்சியில் இருந்தபோது பேரிடி விழுந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் அவரும் கைதானார். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்றது. 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. சம்பாதித்ததில் பெரும்பகுதி வழக்கிலேயே போயிற்று. சிறையிலிருந்து வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கலைவாணரோ மீண்டும் எழுந்தார். 1949-இல் 'நல்லதம்பி', 1951-இல் 'மணமகள்', அடுத்த ஆண்டு 'பணம்' என்று தொடர்ந்தார்.

ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர் மறுமுறை கையை இறுக்கிக் கொள்வதுதான் உலக வழக்கம். கலைவாணர் அப்படிச் செய்யவில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத கை அவருடையது. நலிந்த நடிகர்கள், படிக்க வசதியில்லாத பிள்ளைகள், திருமணச் செலவுக்குத் தவித்த பெற்றோர் என்று அவரைத் தேடி வந்தவர்கள் ஏராளம். பணத்தை எங்கே தேடுவது என்று பாடியவரைத்தான் பணமில்லாதவர்கள் தேடிப் போனார்கள். 1957 ஆகஸ்டு 30-ஆம் தேதி மறைந்தபோது அவருக்கு வயது 48. ஈட்டிய பணத்துக்கு ஏற்ற சொத்து எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. சென்னை தியாகராய நகரில் அவருக்கு எழுப்பிய சிலையை முதலமைச்சர் அண்ணா 1969 ஜனவரியில் திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே.

பணத்தைப் பற்றித் தமிழ்த் திரையில் பிறகும் எத்தனையோ பாடல்கள் வந்தன. 1972-இல் 'காசேதான் கடவுளடா' என்று படத்துக்கே பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் கலைவாணரின் பாட்டைக் கேட்டுச் சிரிக்கும்போது ஒரு சங்கடமும் சேர்ந்து வருகிறது. ஏனென்றால் அவர் தட்டிய கதவுகள் எல்லாம் பணக்காரர்களின் கதவுகள் அல்ல. உண்டியலில் போடுவது யார்? பந்தயம் கட்டுவது யார்? வாக்குக்குக் காசு வாங்குவது யார்? மாப்பிள்ளைக்கு விலை பேசுவது யார்? பெரும்பாலும் சாதாரண மக்கள்தான்.

ஆகவே இந்தப் பாட்டைக் கேட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுவது பாட்டைப் புரிந்துகொள்ளாததற்குச் சமம். பேராசை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைக் கொட்டகை நிறைந்த மக்கள் முன் பாடிக் காட்டி அவர்களையே சிரிக்க வைத்த ஒருவர் அன்று இருந்தார். பாடியதற்கு ஏற்பத் தம் கையையும் திறந்து வைத்திருந்தார். பழைய பாட்டைக் கேட்டு ஏங்குவதானால், அப்படி ஒரு மனிதர் இல்லையே என்று ஏங்கலாம். அடுத்த முறை வானொலியில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, அவர் தேடும் முகவரிகளில் நம் வீட்டு முகவரியும் இருக்கிறதா என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது நல்லது.